மணியும் கணக்கப்பிள்ளையும்: முத்துக்குளித்துறையில் ஒரு பழைய தொலைநிலை வகுப்பு

1542 அக்டோபர் 28. தூத்துக்குடியிலிருந்து ரோமுக்கு ஒரு கடிதம் எழுதப்படுகிறது. எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். இந்தக் கடற்கரைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது, தமிழ் தெரியாது. அந்தக் கடிதத்தில் அவர் சொல்லும் ஒரு விஷயம்: ஊருக்குள் நுழைந்தால் பிள்ளைகள் தன்னைச் சாப்பிட விடுவதில்லை, தூங்க விடுவதில்லை, தன் ஜெபப் புத்தகத்தைப் படிக்கவும் விடுவதில்லை, ஏதாவது ஒரு ஜெபம் சொல்லிக்கொடு என்று சூழ்ந்துகொள்கிறார்கள்.

ஆன்லைன் வகுப்பு எடுத்துப் பழகினவர்கள் இந்த வரியைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு, பெயர் மட்டும் எழுதின நாற்பது கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டே இருப்பது ஒரு தனி வேதனை. "புரியுதா?" என்று கேட்டால் பதில் வராது. புரிகிறதா, தூங்குகிறார்களா, போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களா, எதுவும் தெரியாது.

மாணவரை எப்படிப் பிடித்து வைப்பது, கண்ணுக்குத் தெரியாத ஆளோடு எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்ற கேள்வி இணையத்தோடு வந்த கேள்வி இல்லை. என் மாவட்டத்துக் கடற்கரையிலேயே 480 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார். அவர் செய்தது, அவருக்குப் பின்னால் வந்தவர் செய்தது, அதில் எது நின்றது, எது உறுத்துகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு. மத வரலாறாக இதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது பாடம் நடத்துகிற முறையை மட்டும்.

சேர்க்கை இருக்கிறது, வகுப்பு இல்லை

முதலில் பின்னணி. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஒட்டி வாழ்ந்த பரதவர்கள் 1530-களில் கடும் நெருக்கடியில் இருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமைக்காகப் பல தரப்போடு மோதல். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி ஒரு தூதுக்குழு கொச்சிக்குப் போனது. அதைத் தொடர்ந்து 1535-37 காலத்தில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அதற்குப் பிறகு? ஒன்றுமில்லை. வந்த குருக்களுக்குத் தமிழ் தெரியாது, மக்களுக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது. சவேரியார் வந்து விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. நம்ம காலத்துப் பேச்சில் சொன்னால், பதிவு எண்ணிக்கை பிரமாதம், பாடம் பூஜ்யம்.

இது பழைய கதை மட்டும் இல்லை. எம்ஐடியும் ஹார்வர்டும் சேர்ந்து நடத்தின எடெக்ஸ் தளத்தின் பாடங்களை ஜஸ்டின் ரைஷும் ஹோசே ருய்பெரேஸ் வாலியென்டேவும் ஆராய்ந்து 2019-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 2017-18-ல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். உலகின் சிறந்த பேராசிரியர்கள், சிறந்த வீடியோ, இலவசம். அப்படியும் நூறில் மூன்று பேர். சேர்ப்பது சுலபம், கூடவே வைத்திருப்பதுதான் பாடு.

தூத்துக்குடியில் செய்தது

சவேரியார் என்ன செய்தார் என்பதை 1544 ஜனவரி 15-ல் கொச்சியிலிருந்து எழுதின நீண்ட கடிதத்தில் அவரே வரிசையாகச் சொல்கிறார்.

ஒன்று, இரண்டு மொழியும் தெரிந்த உள்ளூர் ஆட்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை இப்படிச் சில சிறிய பகுதிகளை மட்டும் தமிழாக்கினார்கள். பாடத்திட்டம் அவ்வளவுதான். பிறகு அதைத் தானே மனப்பாடம் செய்தார். மாணவருக்கு முன்னால் ஆசிரியர் மனப்பாடம் செய்கிறார் என்பதைக் கவனிக்கணும்.

இரண்டு, கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். சிறுவர்களையும் கிடைத்த ஆண்களையும் கூட்டி, தினம் இரண்டு வேளை வகுப்பு. ஒரு மாதம்.

மூன்று, பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இங்கே படித்ததை அப்பா அம்மாவுக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கணும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தால், ஜெபம் தெரிந்த பிள்ளைகளைத்தான் அந்த வீட்டுக்கு அனுப்புவார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவைத்துச் சொல்லணும்.

நான்கு, ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கக் கூடும். விசுவாசப் பிரமாணத்தை முழுசாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவதில்லை. ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். எல்லோரும் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு பதில் சொல்லணும்.

இந்த நான்காவதில்தான் எனக்கு ஒரு பொறியாளனாகப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஒரு மணி நேரம் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் "டவுட் இருக்கா?" என்று கேட்பது ஒரு முறை. சின்னப் பொட்டலமாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கிக்கொண்டு அடுத்ததை அனுப்புவது இன்னொரு முறை. நெட்வொர்க் படித்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். இரைச்சல் அதிகமான தடத்தில் முதல் முறை தோற்கும். மொழி தெரியாத ஆசிரியரும் எழுத்து தெரியாத வகுப்பும் இருக்கும் இடத்தைவிட இரைச்சலான தடம் எது?

முத்துக் குளிக்கிறவர்களுக்கும் இது புதுசாக இருந்திருக்காது. குளியாளி கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போனதும், மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருக்கிறவரை அவருக்குத் தெரியாது, கயிறு அசைகிறதா என்பது மட்டும்தான் தெரியும். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ மூச்சு தாங்கும். கயிற்றை இழுத்தால் உடனே தூக்கணும். அந்தத் தொழிலில் 'கவனிக்கவில்லை' என்பதற்கு இடமே கிடையாது.

போன பிறகு யார்?

கரையோரத்தில் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும், அதைத் தாண்டிக் கன்னியாகுமரிப் பக்கம் வரைக்கும் ஊர்கள். வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை எல்லாம் நடுவில். மணல் வழியில் நடந்தோ, தோணியிலோதான் போகணும். ஒரு ஊரில் ஒரு மாதம் இருந்தால் மற்ற ஊர்கள் ஒரு வருஷம் ஆளில்லாமல் கிடக்கும்.

இங்கேதான் இது உண்மையிலேயே தொலைநிலைக் கல்வியாக மாறுகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஜெபங்களின் எழுத்துப் பிரதி ஒன்றை விட்டுவிட்டுப் போவார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் படி எடுத்துக்கொள்ளணும், மனப்பாடம் செய்யணும், தினம் சொல்லணும். ஞாயிறு எல்லோரும் கூடணும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒருவர்.

அந்த ஒருவருக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. சவேரியாரின் கடிதங்களில் 'கனக்காப்பொலே' என்கிற மாதிரி இந்தச் சொல் வருகிறது. புதுசாக ஒரு பதவியை உருவாக்கி வெளியூர் ஆளை நியமிக்கவில்லை. எழுதப்படிக்கத் தெரிந்த, ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கர் என்கிற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் கடற்கரை ஊர்களில் உபதேசியார் என்கிற பதவி உண்டு. அதன் முன்னோடி இவர்தான்.

இவர்கள் சும்மா வேலை செய்யவில்லை, சம்பளம் உண்டு. இதற்காக ஆளுநர் மார்ட்டின் அஃபோன்ஸோ டி சூசா வருஷத்துக்கு 4,000 பணம் ஒதுக்கினார். பணம் என்பது அன்றைய சிறு பொற்காசு. இந்தத் தொகை இந்தக் கரை மக்களிடமிருந்து போர்த்துக்கல் ராணியின் காலணிச் செலவுக்கென்று வசூலாகிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி ஆசிரியர் சம்பளமாக்கினார்கள். உள்ளூர் ஆளின் உழைப்பை 'சேவை' என்று சொல்லி ஓசியில் வாங்காமல், அதற்கு ஒரு நிதி ஆதாரம் தேடினது பெரிய விஷயம்.

சவேரியார் இந்தக் கரையில் இருந்தது மொத்தத்தில் இரண்டு வருஷத்துக்கும் குறைவு. 1545-ல் மயிலாப்பூர் போய், அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். 1552-ல் சீனக் கரையோரத் தீவில் இறந்துபோனார். அவர் கிளம்பின பிறகும் ஊர்களில் பாடம் நடந்துகொண்டே இருந்ததற்கு இந்தக் கணக்கப்பிள்ளைகளும், வீட்டுக்கு வீடு போன பிள்ளைகளும்தான் காரணம் என்பது என் வாசிப்பு.

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தமிழ்நாட்டில் வேறு இடத்திலும் வெளியுலகத்தின் கண்ணில் பட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை முறை இருந்தது. மூத்த மாணவன் இளையவர்களைப் பார்த்துக்கொள்வான். 1789-ல் சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட, 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் வந்து பல நாடுகளுக்குப் போனது.

ஒரு சொல்லுக்கு ஒரு திருத்தம்

1544 முழுக்க சவேரியார் தன் சகா பிரான்சிஸ்கோ மன்சில்லாசுக்கு எழுதின கடிதங்கள் இருபதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், தூத்துக்குடி, ஆலந்தலை என்று இடம் மாறி மாறி எழுதுகிறார். பெரும்பாலும் துண்டுக் கடிதங்கள். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவோமே அந்த மாதிரி. நீ எப்படி இருக்கிறாய், அந்த ஊரில் என்ன நிலவரம், பிள்ளைகள் படிக்கிறார்களா, பொறுமையாக இரு, ஒரு நல்ல தகப்பன் மோசமான பிள்ளைகளோடு இருப்பதுபோல் நடந்துகொள்.

அதில் ஒரு கடிதத்தில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. முதலில் செய்த மொழிபெயர்ப்பில் 'நான் நம்புகிறேன்' என்ற இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டிருந்தார்கள். 'வேணும்' என்றால் விரும்புகிறேன், தேவை என்றுதானே அர்த்தம்? ஆகவே அதை மாற்றி 'விசுவாசம்' என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறார். இன்னொரு சொல்லையும் மாற்றச் சொல்கிறார். அது கிறிஸ்து கட்டாயத்தின்பேரில் பாடுபட்டார் என்ற பொருளைத் தருகிறது, அவர் தானாக விரும்பித்தானே பாடுபட்டார் என்கிறார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேலாக ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் கைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் உரக்க, "எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆசிரியர் கேட்டது ஒன்று, வகுப்பு சொன்னது இன்னொன்று. வருகைப்பதிவு நூற்றுக்கு நூறு, ஒரே குரலில் பதில், பார்க்கிறவர்களுக்கு அற்புதமான வகுப்பு. ஆனால் சொன்ன வாக்கியத்தின் அர்த்தம் வேறு.

ஆன்லைனில் பாடம் எடுக்கிற நண்பர்களுக்கு இதைத்தான் நான் அடிக்கடி சொல்வேன். சாட்டில் நாற்பது பேர் "யெஸ் சார்" என்று போடுவது ஒப்புகை மட்டும்தான், புரிதல் இல்லை. மாணவர் தன் சொந்த வாக்கியத்தில் திருப்பிச் சொல்லுகிறபோதுதான் 'வேணும்' வெளியே வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு திரும்பு வழி தேவை. சவேரியாருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று அந்தக் கடிதத்தில் இல்லை. மொழி தெரிந்த யாரோ காதில் போட்டிருக்கணும். திருத்தம் கடிதமாகப் போய், மன்சில்லாஸ் மூலம் கணக்கப்பிள்ளைகளுக்குப் போய், அவர்கள் வைத்திருக்கிற பிரதிகளில் மாறி, ஏற்கெனவே மனப்பாடம் செய்தவர்கள் வாயிலும் மாறணும். வெளியிட்டு முடித்த மென்பொருளுக்கு ஒட்டுப் போடுகிற வேலைதான் இது. பின்னாளில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தது 'விசுவசிக்கிறேன்' என்றுதான். ஒட்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

அஞ்சல்வழிக் கல்வியின் வரலாற்றிலும் திருப்பம் இதே இடத்தில்தான் வருகிறது. 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்ததும், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். பாடம் அனுப்பினது புதுசு இல்லை. மாணவர்கள் எழுதித் திருப்பி அனுப்பினதை அவர் திருத்தி மறுபடி அனுப்பினார், அதுதான் புதுசு. மைக்கேல் மூர் என்ற கல்வி ஆய்வாளர் பின்னாளில் இதைக் கோட்பாடாகவே சொன்னார்: தொலைநிலைக் கல்வியில் முக்கியமான தூரம் கிலோமீட்டர் இல்லை, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் உரையாடல் எவ்வளவு நடக்கிறது என்பதுதான்.

மொழி படித்தவர் வந்தார்

1544-ல் எழுதின இன்னொரு கடிதத்தில் சவேரியார் தன் நிலைமையைச் சொல்லிப் புலம்புகிறார். மொழிபெயர்ப்பவருக்கு உடம்பு சரியில்லை. அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, நான் என்ன பிரசங்கம் செய்வேன் என்று பார்த்துக்கொள் என்கிறார். கூடவே, ஏழைகள் தங்கள் கஷ்டத்தைக் காட்டினால் அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை என்றும் எழுதுகிறார்.

அந்த வருஷம்தான் வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியது. மக்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டு பசியோடும் தாகத்தோடும் கிடந்தார்கள். சவேரியார் இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எதிர்க்காற்றில் போய்ச் சேர முடியவில்லை. பாடம் நடத்த வந்தவர் தோணி ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். மக்கள் அவர்மேல் வைத்த பிடிப்புக்கு மனப்பாடப் பாடத்தைவிட இதுதான் பெரிய காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் பிடிப்பு மட்டும் போதாது, மொழி வேணும். அதைச் செய்தவர் அன்றீக் அன்றீக்கஸ். 1520-ல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் பிறந்தவர். 1546-ல் இந்தியா வந்து, 1547-ல் இந்தக் கரைக்கு வந்தார். தமிழை இலக்கணமாகவே உடைத்துப் படித்தார். லத்தீன் இலக்கணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேற்றுமைகளையும் வினைத் திரிபுகளையும் பட்டியல் போட்டார். அந்தக் குறிப்புகள்தான் ஐரோப்பியர் தமிழுக்கு எழுதின முதல் இலக்கணம். அதை ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013-ல் ஹார்வர்டு வெளியீடாகக் கொண்டுவந்தார்கள்.

அதற்கிடையில் 1554-ல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருந்தது. வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்ற மூன்று தமிழர்கள் தயாரித்தது. ஆனால் எழுத்து ரோமன், தமிழ் எழுத்து இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மணப்பாட்டுக் கணக்கப்பிள்ளையால் அதைப் படித்திருக்க முடியாது.

அன்றீக்கஸ் 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். 16 பக்கம், தமிழ் எழுத்து. இந்தியாவில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுதான். அடுத்த வருஷம் 1579 நவம்பர் 14-ல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-ல் அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட 'அடியார் வரலாறு'. அச்சுச் செலவுக்கு இந்தக் கரையின் பரதவர்களே பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தம்பிரான் வணக்கத்தின் பிரதி இப்போது ஹார்வர்டில் இருக்கிறது. 1963-ல் சே. இராசமாணிக்கம் அடிகள் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

கிரீசித்தியானி வணக்கத்தின் வடிவம் முக்கியம். மார்கோஸ் ஜோர்ஜ் போர்த்துக்கீசியத்தில் பிள்ளைகளுக்காக எழுதின நூலின் தமிழாக்கம் அது. ஆசிரியர் கேட்க, சீடன் பதில் சொல்கிற உரையாடலாகவே முழுப் புத்தகமும் போகிறது. ஆசிரியர் ஊரில் இல்லை. ஆனால் புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்து படித்தால் ஒரு வகுப்பு தானாக நடக்கும். தனியாக ஓடுகிற வீடியோவுக்கும், பக்கத்தில் ஒரு ஆளை உட்காரவைக்கச் சொல்கிற பாடத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

இன்னொன்றும் கவனிச்சேன். மணி அடித்த முதல் நாளுக்கும் முதல் அச்சுப் புத்தகத்துக்கும் இடையில் ஏறக்குறைய 36 வருஷம். ஆள் முதலில், தொழில்நுட்பம் பிறகு.

உறுத்துகிற பக்கம்

இதை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. அதே 1544 கடிதத்தில், பிள்ளைகள் தங்கள் வீட்டாரின் பழைய வழிபாட்டை வந்து சொல்லிக்கொடுத்ததையும், சிலைகளை உடைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். பிள்ளையைப் பெற்றோருக்கு ஆசிரியராக்கினது ஒரு பக்கம். அதே பிள்ளையை வீட்டுக்குள் உளவாளியாக்கினது இன்னொரு பக்கம். மன்சில்லாசுக்கு எழுதினதில், சாராயம் குடிக்கிற பெண்களுக்கு ஒரு பணம் அபராதம், மூன்று நாள் அடைப்பு என்ற உத்தரவும் இருக்கிறது. பாடத்துக்குப் பின்னால் போர்த்துக்கீசியக் கப்பற்படையின் நிழல் எப்போதும் இருந்தது.

இன்று நாம் செய்வதிலும் இதன் சாயல் உண்டு. ஈடுபாடு குறைகிறது என்றால் முதலில் வருகிற யோசனை: கேமராவைக் கட்டாயமாக்கு, திரையைக் கண்காணி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்கச் சொல். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளை ஏன் கேமராவை அணைக்கிறது என்று கேட்க நமக்கு நேரமில்லை. கட்டாயத்தில் வருகைப்பதிவு ஏறும். சவேரியாரே 1548-ல் மணப்பாட்டில் இந்தக் கரையின் குருக்களுக்கு எழுதிக்கொடுத்த அறிவுரைகளில், மக்களின் அன்பைச் சம்பாதிக்க முழு முயற்சி எடுங்கள், அன்பிருந்தால்தான் உங்கள் வேலை பலன் தரும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அபராதம் போட்ட கைதான் இதையும் எழுதியது.

கொரோனாக் காலத்துக்கு வந்தால்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடினபோது நாம் முதலில் எதைப் பிடித்தோம்? பாடப்பொருளை. கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே தொடங்கியிருந்தது, அதில் பாடங்கள் ஓடின. வீடியோக்கள், பிடிஎஃப்கள், வாட்ஸ்அப் குழுக்கள். எல்லாம் தேவைதான். ஆனால் போன் யார் கையில் இருந்தது? 2021 ஏசர் அறிக்கையின்படி, பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 67.6 சதவீதத்தில். 2018-ல் இது 36.5 சதவீதம். பெரிய வளர்ச்சி. ஆனால் போன் இருக்கிற வீட்டிலும் நாலில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை. அப்பா கடலுக்கோ வேலைக்கோ போனால் போனும் கூடவே போகும்.

போட்ஸ்வானாவில் 2020-ல் ஒரு சோதனை நடந்தது. நோம் ஆங்ரிஸ்ட்டும் குழுவினரும் செய்தது. பள்ளி மூடியிருந்த காலத்தில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்குக் கணக்குகளை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு பகுதிக்கு எஸ்எம்எஸ்ஸோடு வாரம் ஒரு தடவை சுமார் 20 நிமிஷம் போனில் பேசினார்கள். ஸ்மார்ட்போன் இல்லை, இணையம் இல்லை, சாதாரண அழைப்பு. எஸ்எம்எஸ் மட்டும் வாங்கினவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை, பேசினவர்களிடம் தெளிவாக இருந்தது. பிரதி மட்டும் விட்டுவிட்டு வருவதற்கும் பிரதியோடு கணக்கப்பிள்ளையை விட்டுவிட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' அந்த இரண்டாவது வகை. தெருவிலேயே இருக்கிற தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலும் பெண்கள், அந்தப் பிள்ளைகளின் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள். சம்பளம் என்று இல்லை, ஒரு சிறு ஊக்கத்தொகை. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து எழுதின ஆய்வு சொல்வது: பள்ளி மூடினதால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்பில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. மீதியில் பெரும்பங்கு பள்ளி திறந்ததாலேயே வந்திருக்கும், அதையும் சேர்த்தே சொல்லணும். நேருக்கு நேர் இருக்கிற வகுப்புக்கு மாற்று இல்லை. ஆனால் தெருவில் ஒரு ஆள் இருந்தால் கால்வாசி.

எடுத்துக்கொண்டு போக

ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர்கள் இதிலிருந்து நாளைக்கே செய்து பார்க்கக்கூடியவை நாலைந்து உண்டு. பாடத்தைச் சின்னதாக்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் நிறுத்துங்க. பதிலை 'ஆமா, இல்லை' என்று வாங்காமல், மாணவரின் வாக்கியத்தில் வாங்குங்க. படித்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதையே வீட்டுப்பாடமாகக் கொடுங்க. தம்பியிடம் சொல்லட்டும், பாட்டியிடம் சொல்லட்டும். வாரம் ஒரு தடவை, ஐந்து நிமிஷமாவது, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பாடம் பற்றி இல்லாமல் முதலில் 'சாப்பிட்டியா' என்று கேளுங்க. பத்துப் பிள்ளைக்கு ஒரு உள்ளூர் ஆளைக் கண்டுபிடியுங்க. அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்க. அதை யோசிக்காத திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது வருஷத்தில் படுத்துவிடுகின்றன.

அன்றீக்கஸ் 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 53 வருஷம் இந்தக் கரையோடு இருந்திருக்கிறார். அவர் பெயர் தாங்கிய பெரிய விழா எதுவும் இங்கே கிடையாது. அவர் அச்சிட்ட கேள்வி பதில் புத்தகத்தை ஊர் ஊராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட நம் வரலாற்றுப் பாடத்தில் இல்லை. பழைய பங்குப் பதிவேடுகளோ, வீட்டில் கிடக்கிற ஓலைகளோ உங்கள் குடும்பத்தில் இருந்து, அதில் 'கணக்கப்பிள்ளை' என்று யார் பெயராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்க. ஊர்வாரியாக அந்தப் பட்டியலைத் தொகுக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.